குறிப்பும் அல்லகுறியும்: அகப்பாடல்களில் உள்ளுறை காணும் முறை

வெளிப்படச் சொல்லாமல் உணர்த்துவதற்குத் தமிழ் இலக்கண மரபு வைத்திருக்கும் சொற்கள் பல. குறி, குறிப்பு, உள்ளுறை, இறைச்சி, நிமித்தம், விரிச்சி, இடக்கரடக்கல், குழூஉக்குறி என்று நீளும் அந்த வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு தனி வேலையைச் செய்கிறது. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு இடப்பட்டிருக்கிறது; பொருட்பாலில் வரும் 71ஆம் அதிகாரம் அரசனின் முகம் நோக்கி உள்ளம் அறியும் அமைச்சனைப் பேச, காமத்துப்பாலில் வரும் 110ஆம் அதிகாரம் ஒரு பெண்ணின் பார்வையை அறிய முயலும் காதலனைப் பேசுகிறது. அவையிலும் அகத்திலும் சொல்லாததைக் கேட்கத் தெரிந்தவனே அறிவுடையவன் என்ற எண்ணம் இம்மரபில் அவ்வளவு ஆழமானது. இந்த எண்ணத்தின் மிகச் சிறந்த விளைவும், அதே எண்ணம் அளவு கடந்தபோது ஏற்பட்ட இழப்பும், சங்க அகப்பாடல்களில் உள்ளுறை காணும் உரைமுறையில் ஒருங்கே தெரிகின்றன. அம்முறையின் நிறை குறைகளை அளப்பதே இக்கட்டுரையின் வேலை.

உள்ளுறை என்பது, பாடலில் வரும் மரம், விலங்கு, பறவை, மீன் முதலிய கருப்பொருள்களின் செயலைச் சொல்வதன் வழியாக மாந்தரின் செயலை உணர வைப்பது. போல, அன்ன, புரைய முதலிய உவம உருபுகள் இதில் வருவதில்லை. உவமிக்கப்படும் பொருளும் சொல்லப்படுவதில்லை. பாடலில் கிடைப்பது உவமையின் ஒரு பாதி மட்டுமே, மறுபாதியைக் கேட்பவர் நிரப்ப வேண்டும். சொல்லும் இந்தப் பொருளோடு ஒத்து, சொல்லாத அந்தப் பொருள் முடிவதாக என்று கருதி உள்ளே வைத்துச் சொல்வது உள்ளுறை உவமம் என்றும், கருப்பொருள்களுள் தெய்வம் ஒழிந்தவற்றையே அது நிலைக்களமாகக் கொள்ளும் என்றும் தொல்காப்பிய அகத்திணையியல் வரையறுக்கிறது. இறைச்சி இதனினும் நுட்பமானது. அதில் ஒப்புமை கூட முதன்மையானதன்று. கருப்பொருளைப் பற்றிச் சொன்ன செய்தியின் புறத்தே, அச்செய்தியிலிருந்து கிளைத்து, வேறொரு கருத்துத் தோன்றுகிறது. இறைச்சியின் இலக்கணத்தைத் தொல்காப்பிய உரையாசிரியர்களான இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஒரேபடியாக விளக்கவில்லை. உள்ளுறை எங்கே முடிகிறது, இறைச்சி எங்கே தொடங்குகிறது என்பதில் இன்றைய ஆய்வாளரும் ஒன்றுபடவில்லை. எல்லைக்கோடு மங்கலாக இருப்பது இக்கோட்பாட்டின் குறை என்று சொல்லத் தோன்றினாலும், குறிப்பாகவே நிற்க வேண்டிய ஒன்றுக்கு அந்த மங்கல் ஓரளவு இயல்பானதே.

தொல்காப்பியம் உள்ளுறைக்கு விதித்திருக்கும் நிபந்தனைகளே இங்கு மிகுந்த கவனத்துக்கு உரியவை. உவமவியலின்படி, தலைவி உள்ளுறை சொன்னால் அது அவள் அறிந்த பொருள்களைக் கொண்டே அமைய வேண்டும். தோழி சொன்னால் தன் நிலத்துப் பொருள்களை விட்டு அகலக் கூடாது. தலைவன் சொன்னால் அவனுடைய உரன், அதாவது அறிவின் திண்மை, அதில் புலப்பட வேண்டும். மற்றவர்களுக்கு இட வரையறை இல்லை. வீட்டைச் சுற்றிய கொல்லையையும் ஊருணியையும் அறிந்த பெண் ஒருத்தி, அந்தக் கொல்லையிலும் ஊருணியிலும் உள்ளவற்றைக் கொண்டே தன் மனத்தைச் சொல்வாள் என்று ஒரு இலக்கண நூல் எதிர்பார்ப்பது வியப்புக்குரிய நுட்பம். இவ்விதிகளால் உள்ளுறை, புலவன் மேலிருந்து தூவும் அணியாக இல்லாமல், பாடலுக்குள் பேசும் ஒருவரின் வாழ்க்கையிலிருந்து எழும் பேச்சாகிறது. யார் சொல்கிறார் என்ற கேள்வியை நீக்கிவிட்டு உள்ளுறை காண முடியாது என்பது இந்நிபந்தனைகளின் நேரான பொருள்.

இதனைக் குறுந்தொகையின் 8ஆம் பாடலில் அருகிருந்து காணலாம். ஆலங்குடி வங்கனார் பாடிய அப்பாடலில் பேசுபவள் பரத்தை. வயலோரத்து மாமரத்தில் முற்றிப் பழுத்துத் தானே உதிரும் இனிய பழத்தைப் பொய்கையில் வாழும் வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊருக்கு உரியவன் தலைவன். அவன் எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசுகிறான். தன் வீட்டுக்குப் போனால், முன் நிற்பவர் கையும் காலும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையைப் போலத் தன் புதல்வனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்கிறாள் அவள். பாடலின் அடியிலுள்ள துறைக்குறிப்பு, மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, மனைவியின் பக்கத்தார் கேட்கும்படி சொன்னது இது என்கிறது. துறைக்குறிப்பு என்பது பாடல் யார் கூற்று, எந்தச் சூழலில் எழுந்தது என்பதைச் சுருங்கச் சொல்லும் பழைய வாசகம்.

இச்சிறு பாடலில் இரண்டு ஒப்புமைகள் இருக்கின்றன. ஒன்று மறைவானது, மற்றது வெளிப்படையானது. கண்ணாடிப் பாவை வெளிப்படையான உவமை. தலைவன் மனைவிக்கு அடங்கியவன் என்ற இகழ்ச்சி யார் காதிலும் தப்பாமல் விழ வேண்டும் என்பதால் அது உருபோடு வருகிறது. மாம்பழமும் வாளையும் வரும் காட்சி அப்படியன்று. நான் அவனைத் தேடிப் போய் மயக்கவில்லை, பழம் தானே விழுந்தது, மீன் இருந்த இடத்திலேயே இருந்தது என்ற தற்காப்பு அதற்குள் இருக்கிறது. இதனை அவள் வெளிப்படச் சொன்னால், பழிக்கு அஞ்சி விளக்கம் சொல்பவளாகத் தாழ்ந்துவிடுவாள். ஊரை வருணிப்பதுபோலச் சொன்னதால் தாழவில்லை. மேலும், பழம் எவ்வளவு எளிதில் உதிர்ந்தது என்பதில் அவன்மீதான இளக்காரமும் இருக்கிறது. ஒரே காட்சி தன்னைக் காத்து, அவனைத் தாழ்த்தி, மனைவிக்கும் ஒரு செய்தி அனுப்புகிறது. எதை மறைத்துச் சொல்வது, எதை உரக்கச் சொல்வது என்று பேசுபவள் தெரிந்தெடுத்திருக்கிறாள் என்பதைக் காட்டும்போது உள்ளுறை காணும் முறை தன் முழுப் பயனையும் தருகிறது.

இம்முறையின் முதல் நிறை, வாய் திறந்து சொல்ல இயலாத இடத்தில் இருப்பவர்களின் பேச்சை அது கேட்கச் செய்வது. மணத்துக்கு முன் மறைவில் காதலிக்கும் களவுக் காலத்தில் தலைவனை நேரே கடிந்துகொள்ளவோ, என்னை மணந்துகொள் என்று கேட்கவோ தலைவிக்கு இடமில்லை. தோழிக்கும் ஓரளவே இடம் உண்டு. வேலிக்கு அப்பால் அவன் வந்து நிற்பதை அறிந்தும் அறியாதவர்கள்போல இருவரும் தமக்குள் பேசிக்கொள்வதைச் சிறைப்புறம் என்று இலக்கணம் குறிக்கிறது. அங்கே பேச்சு ஒருவரை நோக்கி நடக்கிறது, செய்தி வேறொருவருக்குப் போகிறது. இப்படி இரண்டு செவிகளுக்காக ஒரே வாக்கியத்தை அமைப்பதற்கு நிலத்தின் காட்சியைவிடப் பொருத்தமான கருவி இல்லை. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகள், ஐங்குறுநூற்றுப் பாடல்கள் 3 முதல் 6 அடிகள். இவ்வளவு குறுகிய இடத்தில் ஒரு உறவின் முழு நிலைமையையும் வைக்க முடிந்ததற்கு, நிலத்தைப் பற்றிய அடைமொழியே மனத்தைப் பற்றிய செய்தியாகவும் நின்றது பெருங்காரணம்.

இரண்டாவது நிறை பழைய உரைகளால் கிடைத்தது. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியில் கள்வன் பத்து என ஒரு பத்து உண்டு. கள்வன் என்றது நண்டை. அப்பத்தில் உள்ள 24ஆம் பாடல், தாய் சாகப் பிறக்கும் புள்ளி நண்டும், தன் பிள்ளையையே தின்னும் முதலையும் உடையது தலைவனின் ஊர் என்று தொடங்கி, தழுவிய பெண்களின் நலத்தைக் கொண்டுவிட்டு அவர்களைத் துறப்பவனைப் பற்றித் தோழி கேட்கும் கேள்வியில் முடிகிறது. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் இடையிலேயே அன்பு நிலைக்காத ஊரில் பிறந்தவனிடம் வேறு எதை எதிர்பார்ப்பது என்ற குத்தல் இதில் வெளிப்படை. ஐங்குறுநூற்றுக்குப் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய பழைய உரை, மருதப் பாடல்களில் பல இடங்களில் இத்தகைய உள்ளுறைகளைச் சுருக்கமாகச் சுட்டிச் செல்கிறது. ஓரிரு தொடர்களில் கருத்தைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அந்தச் சிக்கனம் போற்றத்தக்கது. நெய்தலும் மருதமும் கண்ணில் படாத ஊர்களில் வளரும் இன்றைய மாணவருக்கு இத்தகைய உரைகள் இல்லையென்றால் பாதிப் பாடல்கள் வெறும் வருணனையாகவே நின்றுவிடும். முதலை தன் குஞ்சுகளை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டுபோகும் இயல்புடையது. பிள்ளை தின்னும் என்ற நம்பிக்கை அந்தக் காட்சியிலிருந்து பிறந்திருக்கவும் கூடும். உயிரியல் உண்மை எதுவாயினும், அந்நிலத்தார் அவ்வுயிர்களைப் பற்றி என்ன நம்பினார்கள் என்பதே பாடலுக்கு வேண்டியது. அதனை உரை காத்துத் தந்திருக்கிறது.

இறைச்சிக்கு வந்தால், பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37ஆம் பாடல் தலைசிறந்த சான்று. பிரிந்து சென்றவன் வருவானோ என்று வருந்தும் தலைவியிடம், அவர் உன்மேல் மிகுந்த விருப்பம் உடையவர், நிச்சயம் வந்து அன்பு செய்வார், பிடியின் பசியைப் போக்குவதற்காகப் பெரிய கையையுடைய களிறு யாமரத்தின் பட்டையை உரிக்கும் வழியில்தானே அவர் போயிருக்கிறார் என்கிறாள் தோழி. களிறு தலைவனுக்கு உவமையாகவில்லை, பிடி தலைவிக்கு உவமையாகவில்லை. அந்தக் காட்சி அவன் கண்ணில் படும், பட்டால் அவன் நெஞ்சம் இங்கே திரும்பும் என்பதே கருத்து. அன்பு கொண்ட விலங்குகளைச் சுட்டி ஆற்றுவித்தலும் இறைச்சியின் ஒரு பயன் என்று பொருளியல் கூறுவது இப்படிப்பட்ட இடங்களைக் கருதியே. உவமையாக மாற்றிவிட்டால் இப்பாடலில் கெடுவது மிக நுண்ணிய ஒன்று: களிறும் பிடியும் அந்த வழியில் உண்மையிலேயே இருக்க வேண்டும், அவன் அவற்றை உண்மையிலேயே காண வேண்டும் என்ற தோழியின் நம்பிக்கை. அ. க. இராமானுஜன், உள்ளுறைக் காட்சி தலைவனின் சொந்த நிலத்திலிருந்தே எடுக்கப்படுவதால் அது வெறும் ஒப்புமையாக நிற்காமல் அவனோடு தொடர்புடைய ஒன்றாகவும் இருக்கிறது என்று விளக்கியது இதனோடு பொருந்தும். காட்சி முதலில் ஓர் இடம், பிறகுதான் குறிப்பு.

குறைகள் பெரும்பாலும் இந்த வரிசையை மறந்ததால் வந்தவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பதிப்புப் பணி சங்க நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தபோது, பழைய உரை இல்லாத தொகைகளுக்குப் புதிய உரை எழுத வேண்டியிருந்தது. 1915இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் உரையோடு நற்றிணையும், 1937இல் உ. வே. சாமிநாதையரின் உரையோடு குறுந்தொகையும் வெளிவந்தன. இவ்விருவரின் உழைப்பால்தான் இன்று அப்பாடல்களைப் படிக்க முடிகிறது. அக்கடனைத் தமிழ் எளிதில் தீர்க்க முடியாது. ஆயினும், குறிப்பாக நற்றிணை உரையில், பாடலுக்குப் பாடல் உள்ளுறையையும் இறைச்சியையும் தேடிக் காட்டும் முயற்சி விரிந்தது. காட்சியில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாந்தரை நேர் நிறுத்தி, சுனை இன்னது, மீன் இன்னார், நாரை இன்னார் என்று நிரல்படச் சொல்லும் வழக்கம் அதனால் வலுத்தது. பின்வந்த உரைகளும் தேர்வுக் கையேடுகளும் அந்த நிரலை மட்டும் எடுத்துக்கொண்டன. உள்ளுறையை விளக்குக என்ற வினாவுக்கு இருநிரல் அட்டவணை விடையாக எழுதும் நிலைக்குக் கல்வி அதனைக் கொண்டுவந்துவிட்டது.

அவ்வாறு செய்யும்போது உள்ளுறை குழூஉக்குறியாக மாறிவிடுகிறது. குழூஉக்குறி என்பது நன்னூல் கூறும் தகுதி வழக்கு மூன்றில் ஒன்று. ஒரு தொழிற்கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு சொல் இட்டு வழங்குவது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது பாடநூல்களில் வரும் எடுத்துக்காட்டு. அங்கே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் நிலையாக இருக்கிறது, அதனை அறிந்தவுடன் சொல்லின் வேலை முடிந்துவிடுகிறது. உள்ளுறையில் அறிந்த பிறகே வேலை தொடங்குகிறது. வாளை பரத்தை, மாம்பழம் தலைவன் என்று எழுதி முடித்தவர், பழம் தானே உதிர்ந்தது என்பதில் உள்ள தற்காப்பையும் இளக்காரத்தையும் தொடவேயில்லை. பொருளுக்குப் பொருள் நேர் நிறுத்துவதில் வினை தவறிப்போகிறது. உள்ளுறையின் உயிர் பெரும்பாலும் வினையில்தான் இருக்கிறது. உள்ளுறை உவமத்துக்கு மறுபெயரான உவமப்போலியின் ஐந்து வகைகளை எண்ணும்போது உவமவியல் வினையை முதலில் வைத்து, பயன், உறுப்பு, உரு, பிறப்பு என்று தொடர்வதும் இங்கு நினைக்கத்தக்கது.

கபிலரின் குறுந்தொகை 38ஆம் பாடல் இந்த முறையின் தடுமாற்றத்தை நன்கு காட்டும். காட்டு மயில் பாறையில் இட்ட முட்டையை, வெயிலில் விளையாடும் முசுவின் குட்டி உருட்டும் குன்றுகளை உடையவன் தலைவன். அவனுடைய நட்பு, கண்ணீரோடு அவனை நினையாமல் பொறுத்திருக்க வல்லவர்களுக்கு நல்லதுதான் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். முட்டை தலைவியின் காதல், குட்டி அதன் அருமை அறியாத தலைவன் என்று ஒரு விளக்கம் தரலாம்; குட்டி அலர் தூற்றும் ஊர், முட்டை அவளுடைய மானம் என்று வேறொரு விளக்கம் தரலாம்; முட்டையைத் திறந்த பாறையில் விட்டுச் சென்ற மயிலிடம் குறையைக் காண்பதும் இயலும். அட்டவணை வேண்டும் என்பவர் இவற்றுள் ஒன்றைத் தெரிந்து மற்றவற்றைத் தள்ள வேண்டும். பாடலோ தள்ளச் சொல்லவில்லை. அது சொல்வதெல்லாம் உருட்டும் என்ற ஒரு வினையை மட்டுமே. முட்டை உடைந்தது என்று பாடலில் எங்கும் இல்லை. உடையக்கூடிய ஒன்று, அதன் மதிப்பு தெரியாத கையில், பாறைமேல் உருண்டுகொண்டிருக்கும் நிலையே தலைவியின் நிலை. மணம் இன்னும் முடியவில்லை, கைவிடப்படவும் இல்லை. உடைந்ததாகவோ உடையப்போவதாகவோ எழுதிவிடும் உரை, பாடல் கவனமாகத் தாங்கி நிற்கும் அந்த இடைநிலையைக் குலைத்துவிடுகிறது.

உள்ளுறையே இல்லாத இடத்தில் அதனைக் காண்பது இன்னொரு வகைப் பிழை. குறுந்தொகை 25ஆம் பாடலும் கபிலருடையதே. அவன் என்னை மணந்த அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், தினையின் தாள்போன்ற சிறிய பசிய கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகும் அங்கே இருந்தது என்கிறாள் தலைவி. தன் இரையையே குறியாகக் கொண்ட குருகு தலைவனைச் சுட்டுகிறது என்று உரைப்பதற்கு இடமுண்டு. அவ்வாறு உரைப்பவரும் உண்டு. அது பாடலை வளப்படுத்துவதைவிட மெலியச் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அவளுக்கு ஒரு சாட்சி வேண்டும். இருந்த ஒரே சாட்சியும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, பேசவும் அறியாதது. குருகு குருகாகவே இருந்தால்தான் அவளுடைய தனிமை முழுமையாகும். அதுவும் தலைவனாகிவிட்டால் அந்த நீர்த்துறையில் அவளுக்கென்று ஒரு பறவை கூட மிஞ்சாது. வடிவத்தை நோக்கினாலும் இங்கே உள்ளுறைக்குரிய அடையாளம் இல்லை. பெரும்பாலான உள்ளுறைகள் நாடன், ஊரன், துறைவன், சேர்ப்பன் என்று தலைவனைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னே அடைமொழியாக வருகின்றன. இங்கே குருகு அவனுடைய நாட்டுக்கு அடையாகவில்லை, நடந்த நிகழ்ச்சியில் ஒரு பாத்திரமாக நிற்கிறது.

நற்றிணை 172ஆம் பாடலிலும் இந்த வேறுபாடு முக்கியமானது. சிறு வயதில் வெண்மணலில் அழுத்தி விளையாடிய புன்னைவிதை முளைத்துவிட, நெய்யும் பாலும் பெய்து வளர்த்த அந்த மரத்தை, உங்களைவிடச் சிறந்தவள் இவள், உங்கள் உடன்பிறந்தவள் என்று அன்னை சொல்லியிருக்கிறாள். ஆகையால் இதன் நிழலில் உன்னோடு சிரித்து விளையாட நாணுகிறோம் என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். இடத்தை மாற்றச் சொல்வதுபோல் தொடங்கும் அப்பேச்சின் உட்கருத்து, பகலில் வந்து சந்திப்பதை நிறுத்தி மணந்துகொள் என்பது. குறிப்பு இருக்கிறது, ஆனால் அது மரத்துக்குள் இல்லை. பேச்சின் போக்கில் இருக்கிறது. புன்னை எதற்கும் உவமையாகவில்லை. அது அக்குடும்பத்தின் பெண், அவ்வளவே. மரத்தை உடன்பிறந்தவளாக எண்ணிய மனத்தின் மென்மைக்குப் பின்னால் வேறொரு பொருளைத் தேடத் தொடங்கினால், அம்மென்மையே முதலில் மறைந்துபோகும்.

உள்ளுறையில் அறம் புகுத்துவதும் ஒரு குறை. குறுந்தொகை 69ஆம் பாடலில், கடுவன் இறந்துவிட, கைம்மையைப் பொறாத மந்தி, இன்னும் மரமேறக் கற்காத தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு, உயர்ந்த மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடும் சாரல் நாடனே, நள்ளிரவில் வராதே, நாங்கள் வருந்துகிறோம் என்கிறாள் தோழி. கடுந்தோட் கரவீரனார் பாடிய இப்பாடலில் விலங்கும் கற்பைப் போற்றிய சிறப்பைக் காணும் விளக்கங்கள் உண்டு. தோழியின் பேச்சின் நோக்கம் அதுவன்று. இருட்டில் மலைவழி வருபவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் இங்கே இவள் என்ன ஆவாள் என்பதை அவனுக்கு உணர்த்தி, வரவை நிறுத்தி, மணத்துக்கு விரைவுபடுத்துவதே நோக்கம். மந்தியின் சாவு போற்றுவதற்காகச் சொல்லப்பட்டதன்று, அஞ்சவைப்பதற்காகச் சொல்லப்பட்டது. குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைக்கும் அந்த ஒரு செயல்தான் பாடலில் மிகவும் தாங்க முடியாத இடம். கற்பின் பெருமையை மட்டும் எடுத்து நிறுத்தும் உரையில் அக்குட்டி காணாமற் போய்விடுகிறது.

துறைக்குறிப்பை எவ்வளவு நம்புவது என்ற சிக்கலும் உண்டு. அவை பாடல்களைத் தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தவை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. தொல்காப்பிய உரையில் நச்சினார்க்கினியர் சில பாடல்களைத் துறைக்குறிப்பு கூறுவதற்கு மாறான சூழலுக்குச் சான்றாக எடுத்துக்காட்டுகிறார். பேசுபவர் மாறினால் உள்ளுறையும் மாறும் என்பதால், துறைக்குறிப்பைப் பாடலின் பகுதியாகவே எண்ணி அதன்மேல் உள்ளுறையை அடுக்குவது உறுதியற்ற அடித்தளத்தில் கட்டுவதாகும். அதனை ஒரு பழைய வாசகரின் கருத்தாகக் கொண்டு, பாடலோடு ஒத்துப்பார்த்து ஏற்பதே தகும். 9ஆம் நூற்றாண்டில் காசுமீரத்து ஆனந்தவர்த்தனர் விரித்துரைத்த தொனிக் கோட்பாட்டோடு உள்ளுறையை ஒன்றாக்கிப் பேசுவதும் இதே விரைவின் விளைவு. சொல்லப்பட்டதைவிட உணர்த்தப்பட்டதே கவிதையின் உயிர் என்ற அளவில் இரண்டும் உறவுடையனவே. ஆனால் கருப்பொருளோடும் கூற்றோடும் உள்ளுறைக்கு உள்ள கட்டு தொனிக்கு இல்லை.

அளவு மீறிய குறிப்புத் தேடலுக்கு எச்சரிக்கை அகமரபுக்குள்ளேயே இருக்கிறது. களவில் தலைவன் இரவில் வந்து, பறவைகளை எழுப்பியோ நீரில் ஏதேனும் விழும் ஓசையை உண்டாக்கியோ தன் வரவை அறிவிப்பான். அந்த அடையாளமும், சந்திக்கும் இடமும் குறி என்றே வழங்கப்படும். சில இரவுகளில் காற்றாலோ, தானாக விழும் காயாலோ அதே ஓசை எழும். அவன்தான் என்று எண்ணித் தலைவி வந்து பார்த்து, இல்லாமல் திரும்புவாள். பிறகு உண்மையாகவே வந்தவன் அவளைக் காணாமல் திரும்புவான். இதற்கு அல்லகுறிப்படுதல் என்று பெயர். குறியல்லாததைக் குறியென்று கொண்டதால், குறி வந்தபோது தவறவிட்டார்கள். நீரில் விழும் எல்லாக் காயும் ஒருவரை அழைப்பதில்லை என்பதைத் துறையாகவே வகுத்துவைத்த மரபில், பாடலில் வரும் எல்லா மீனையும் ஒரு மாந்தராக்க வேண்டிய கட்டாயம் உரைகாரருக்கு இல்லை.

அப்படியானால் குறிப்பைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. உள்ளே வைத்துச் சொல்பவரின் கருத்தே உள்ளுறை என்பது தொல்காப்பியத்தின் நிலை. கலித்தொகை 11ஆம் பாடல் அந்த நிலைக்கு ஒரு சிக்கலை முன்வைக்கிறது. பொருள்தேடிப் போகும் தலைவன், காடு காலடி வைக்க முடியாத அளவு வெம்மையானது என்றான். அக்காட்டில், கன்று கலக்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு முதலில் ஊட்டிவிட்டுப் பின்பு தான் உண்ணும் களிறு இருக்கிறது என்றும் சொன்னான். இலை தீய்ந்த காட்டில் களைத்த பெடையைத் தன் மெல்லிய சிறகால் விசிறி ஆற்றும் புறாவையும், நிழலின்றி வருந்தும் பிணைக்குத் தன் உடலின் நிழலைத் தரும் கலைமானையும் பற்றிச் சொன்னான். இவற்றையெல்லாம் தலைவியே தோழியிடம் எடுத்துச் சொல்லி, இப்படிப்பட்ட காட்டுக்குப் போனவர் நம் நலம் வாட விடமாட்டார் என்று முடிவு செய்கிறாள். வீட்டில் பல்லி நல்ல பக்கத்தில் ஒலித்தது, இடக்கண்ணும் துடிக்கிறது என்று நிமித்தங்களையும் சேர்த்துக்கொள்கிறாள்.

அவன் காட்டின் கொடுமையைச் சொல்ல வந்தானா, அன்பைச் சொல்ல வந்தானா என்பது பாடலிலிருந்து தெளிவாகவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் பேச்சு வெம்மையில் தொடங்கி விலங்கின் அன்பில் முடிகிறது. அவள் பிற்பாதியைப் பற்றிக்கொண்டு முற்பாதியை விட்டுவிடுகிறாள். களிற்றைப் பற்றிய சொல் அவன் வைத்த குறிப்பாக இருக்கலாம், அல்லது வழிவருணனையில் தற்செயலாக வந்ததை அவள் தன் தேவைக்காகக் குறிப்பாக்கிக்கொண்டிருக்கலாம். பல்லி ஒலித்ததை யாரும் அவளை நோக்கிச் சொல்லவில்லை, ஆயினும் அதனையும் தனக்கு வந்த செய்தியாகவே கேட்கிறாள். கேட்பவரின் தேவை எந்த அளவுக்குக் குறிப்பை உண்டாக்குகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் பாடல் அகத்தில் வேறு இருப்பது அரிது. இப்பாடலுக்கு உரை எழுதுபவர் களிறு தலைவன், பிடி தலைவி என்று ஒத்துவைத்துவிட்டு நகர்ந்தால், அவள் அந்த வேளையில் அக்களிற்றைத் தனக்காக எப்படிக் கேட்டுக்கொள்கிறாள் என்பது பேசப்படாமலே போய்விடும்.